நெற்றியில் உப்பு

படப்பை
5 அக்டோபர் 2025

மெர்சி அக்காவுக்கு,

என் நம்பர் எண்பத்தொன்று. உன் நம்பரை மறைக்காமல் எழுது. "நலம், நலமறிய ஆவல் என்று நாம் எழுதினால் புளுகு. ஊதும் டெஸ்டில் நுரையீரலுக்கு வந்த நம்பரைத்தான் கடிதத்தின் தலையில் போட வேண்டும்" என்று பதினாறு வயதில் சட்டம் போட்டவள் நீ.

லைப்ரரியில் நின்றுகொண்டு படிக்கிறாயா? முதலில் உட்கார். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அக்கா, நான் முழுகாமல் இருக்கிறேன்!

இரண்டு மாதமாகத் தள்ளிப் போனது. எனக்கு அது இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். எடை முப்பத்தெட்டு கிலோவாக இருந்த காலத்தில் ஏழு மாதம் எட்டிப் பார்க்கவில்லை, உனக்குத் தெரியாததா? அதனால் கண்டுகொள்ளவில்லை. போன வாரம் கம்பெனியில் ஹெட்லைட் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் கீறல் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே குப்பைத் தொட்டியைத் தேடி ஓடினேன். பக்கத்து டேபிள் வசந்தகுமார், "இன்னாக்கா, கேன்டீன் சாம்பார் வேலைய காட்டிச்சா?" என்றான். சூப்பர்வைசர் ஐஸ்வர்யா மேடம் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெடிக்கல் ரூமுக்கு அனுப்பினார்.

இரண்டு கோடு. நான் நம்பவில்லை. ஒரு சாம்பிளை நம்பி மொத்த லாட்டையும் பாஸ் பண்ணக் கூடாது என்பது எங்கள் லைன் விதி. ஒரகடம் மெடிக்கலில் இன்னொன்று, படப்பையில் இறங்கி இன்னொன்று வாங்கினேன். மூன்று சாம்பிள், ஆறு கோடு. எழில் மாமாவிடம் மூன்றையும் நீட்டினேன். "இன்னாது இது, தெர்மாமீட்டரா?" என்று கேட்டார். விஷயம் புரிந்ததும் வாசலுக்கும் சமையலறைக்கும் நாலு முறை நடந்தார். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை மனுஷனுக்கு.

டாக்டரம்மாவிடம் போனால் திட்டு. "மாத்திரை ஆரம்பிச்ச அன்னிக்கே சொன்னேன்ல பாஞ்சாலி? குழந்தை வேணாம்னா ஜாக்கிரதையா இருக்கணும்னு கையெழுத்துகூட வாங்கினேன்." வாங்கினார்தான். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே 'குழந்தை ரொம்பக் கஷ்டம்' என்று எழுதிக் கொடுத்த உடம்பு இது. மொட்டைத் தலைக்குச் சீப்பு எதற்கு என்று நினைத்தேன்.

அத்தையிடம் இப்படி விளக்கினேன்: "எங்க நோயில உடம்புச் சளி எல்லாம் கோந்து மாரி கெட்டியாய்டும் அத்த. நெஞ்சுல கட்டிக்கிற மாரியே கர்ப்பப்பை வாசல்லயும் அடைச்சிகினு இருந்துச்சாம். இந்த மாத்திரை அத்த நீர்க்க வெச்சுது, வாசல் தொறந்துகிச்சு." அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நானு வல்லக்கோட்டை முருகனுக்கு மூணு வருசமா வேண்டிகினு கீறது எந்தக் கணக்குல?" என்றார். பாதிப் பாதி என்று சமாதானம் செய்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்தால் இருமுவாய். அதோடு, பெரிய விஷயம் எல்லாம் நமக்குக் காகிதத்தில்தான். இருவரின் நெஞ்சுக் கிருமியும் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்று ஆஸ்பத்திரி நடைவழியின் இரண்டு முனையில் நம்மை உட்கார வைத்தார்களே, அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஜோதியக்கா நர்ஸ் சீட்டு சுமந்தாரே. அந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

உன்
பாஞ்சாலி

---

தண்டலம்
9 அக்டோபர் 2025

அடியே பாஞ்சாலி,

நாற்பத்தொன்று. போதுமா?

'அமைதி காக்கவும்' என்று லைப்ரரியில் பலகை மாட்டியவளே நான்தான். கத்திவிட்டேன். மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரு மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தார்கள். பல்லி என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதல் நாள் முழுக்கச் சந்தோஷம். இரண்டாவது நாள் பொறாமை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? அந்த மாத்திரை உனக்கு வேலை செய்யும், என் ஜீனில் பிடித்துக்கொள்ள அதற்கு இடமே இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, நடைவழியின் இந்த முனையிலிருந்து உனக்கு 'வாழ்த்துகள்' என்று சீட்டு அனுப்பினேன். அதற்கு முன் மூன்று சீட்டைக் கிழித்துப் போட்டேன். இப்போது மூன்றாவது நாள், மறுபடி சந்தோஷம். இது நிற்கும் போலிருக்கிறது. தம்பி ஜெபகுமார், "இன்னா இன்னிக்கு பாட்டெல்லாம் பலமா கீது?" என்று கேட்டான்.

இப்போது அக்காவாக ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. என் அம்மா என்னைப் பெற்ற பத்தாம் நாள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "புள்ள உப்புக் கரிக்குது" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. நம் வேர்வையில் உப்பு அதிகம், அதுதான் இந்த நோய்க்கு முதல் அடையாளம் என்று எங்கள் ஊரில் எந்த டாக்டருக்கும் தோன்றவில்லை. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது வயதில்தான் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

எழிலரசன் உன் தாய்மாமன் மகன். நோய்க்காரப் பெண்ணை வெளியில் யாரும் கட்ட மாட்டார்கள் என்று உரிமைக்காரர் வந்து கட்டிக்கொண்டார். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் உன் அம்மாவிடம் இருக்கும் ஜீன் கோளாறு அவள் அண்ணனிடமும் இருக்கலாம், அண்ணன் மகனிடமும் இருக்கலாம். ஒன்று இருந்தால் அவருக்கு ஒன்றும் செய்யாது. உன்னிடமிருந்து ஒன்று, அவரிடமிருந்து ஒன்று சேர்ந்தால் பிள்ளை நம்மைப் போல. அவருக்கு ரத்தப் பரிசோதனை செய். உன் அத்தை என்ன சொன்னாலும் செய்.

முதல் முத்தம் நெற்றியில் கொடு. எனக்கு எழுது.

மெர்சி

---

படப்பை
3 நவம்பர் 2025

அக்கா,

எழுபத்திரண்டு. மழைக் காற்று, வேறொன்றுமில்லை.

முதலில் நல்ல சேதி. ஸ்கேனில் இதயத் துடிப்பைக் கேட்டோம்! எங்கள் கன்வேயரை இரண்டாம் ஸ்பீடில் விட்டால் வருமே, அந்தச் சத்தம். மாமா உடனே போனில் பதிவு செய்துகொண்டார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதுகூடக் காதில் மாட்டிக் கேட்கிறாராம். எங்கேயாவது முட்டப் போகிறார்.

அவர் டெஸ்டும் வந்துவிட்டது. டெஸ்ட் என்றதும் அத்தை, "எம் புள்ள ரத்தத்துல இன்னா கொற கீதுன்னு ஊசி குத்தப் போறீங்க?" என்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். மாமா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்த கையோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, அம்மா தள்ளி வைத்த தட்டையே இழுத்து வைத்துச் சாப்பிட்டார். டெஸ்டில் தேடும் பட்டியலில் இருக்கும் கோளாறு எதுவும் அவரிடம் இல்லை! ஆனால் நம் பக்கத்து ஜனங்களுக்கு வரும் கோளாறு எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லையாம். அதனால் பிள்ளை பிறந்ததும் வேர்வையில் உப்பு அளந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் பயமில்லை. பெரும்பாலும் என்ற சொல்லை நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. மாத்திரை டப்பாவோடு வரும் மடிப்புக் காகிதத்தை முழுசாகப் படித்தேன். கர்ப்பிணிகளிடம் போதிய ஆய்வு நடக்கவில்லை என்று போட்டிருக்கிறது. டாக்டரம்மா தொடரச் சொன்னார்தான். ஆனால் எங்கள் லைனில் ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? மஞ்சள் ஹோல்டு டேக் மாட்டித் தனியே வைப்போம். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் எடுப்போம். அதே மாதிரி டப்பாவுக்கு ஒரு மஞ்சள் டேக் கட்டி அத்தையின் பீரோவில் வைத்துவிட்டேன். ஒன்பது நாள் ஆகிறது. அத்தைக்கும் நிம்மதி. "வவுத்துப் புள்ளைக்கு எதுக்கும்மே அத்தினி மாத்திர?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். கொஞ்சம் சளி கட்டுகிறது. ஆவி பிடிக்கிறேன், முதுகில் தட்டிக்கொள்கிறேன். ஐந்தாறு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்.

உன் நம்பர் என்ன?

பாஞ்சாலி

---

தண்டலம்
6 நவம்பர் 2025

பாஞ்சாலி,

என் நம்பர் உனக்கு எதற்கு?

பத்து முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுத்தால் இருமுவாய், இருமினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதானே? ஒன்பது நாளில் ஒன்பது நம்பர் இறங்கியிருக்கிறது. மழைக் காற்றாம்!

மஞ்சள் டேக்கை மாத்திரைக்குக் கட்டவில்லை நீ, உன் மூச்சுக்குக் கட்டியிருக்கிறாய். அந்தப் பிள்ளைக்குக் காற்று எங்கிருந்து போகிறது என்று நினைத்தாய், படப்பை பஸ் ஸ்டாண்டிலிருந்தா? நீ மூச்சு விட்டால்தான் அது மூச்சு விடும். நம் நோய்க்காரப் பெண்கள் எத்தனையோ பேர் இதே மாத்திரையைத் தின்றுகொண்டே பெற்றிருக்கிறார்கள், நிறுத்தியவர்கள்தான் பாதியில் படுத்தார்கள் என்று டாக்டர் உன்னிடம் சொல்லவில்லையா? சொன்னார். உன்னிடம் சொன்னதைத்தான் அடுத்த அரை மணியில் என்னிடமும் சொன்னார். நீ டாக்டரை நம்பவில்லை, ஒரு மடிப்புக் காகிதத்தை நம்பினாய். போதிய ஆய்வு இல்லை என்றால் கெடுதல் என்றா அர்த்தம்?

நான் சொல்லக் கூடாது என்று இருந்தேன். சொல்லிவிடுகிறேன். போன வருடம் அந்த டப்பாவைப் படத்தில் காட்டினாயே, அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஜெபகுமார் தெரியாமல் அழித்தபோது அவனோடு சண்டை போட்டு மீட்டு வைத்திருக்கிறேன். எனக்கு வேலை செய்யாத மாத்திரை. ஒரே ஒரு மாதம் வேலை செய்தால் போதும், மாடிப்படி ஏறி எங்கள் காலேஜ் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு வருவேன் என்று நினைத்துக்கொள்வேன். அதை நீ புடவைகளுக்கு நடுவே பூட்டி வைத்திருக்கிறாய். ஐந்தாறு மாதம்தானே என்கிறாய்.

இன்றே டாக்டரிடம் போ. நாளை இல்லை, இன்று. நம்பர் ஏறும்வரை எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

மெர்சி

---

ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
17 நவம்பர் 2025

அக்கா,

ஐம்பத்தெட்டில் வந்து சேர்ந்தேன். இன்று அறுபத்தேழு. ஏறிவிட்டது, அதனால் பிரித்துப் படிக்கலாம். சட்டம் மீறவில்லை.

உன் கடிதம் வந்தபோது நான் படுத்துக்கிடந்தேன். பாத்ரூமுக்குப் போய்வர நடுவில் ஒரு முறை உட்கார வேண்டியிருந்தது. மாமாதான் பிரித்தார், என்னைக் கேட்காமல் அத்தைக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினார். படி ஏறி மொட்டை மாடியைப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அத்தை எழுந்து போய் பீரோவைத் திறந்தார். மஞ்சள் டேக்கைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பொண்ணுக்குக் கெடைக்காத மாத்திரயாமே இது? அத்தப் போயி பொடவைக்குள்ள பூட்டி வெச்சுகினு குந்திகினு கீறோமே, நாமெல்லாம் மன்சங்களா?" என்று என்னையும் தன்னையும் சேர்த்தே திட்டினார். அன்று மதியமே காரில் ஏற்றி அழைத்து வந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்கேன் போட்டார்கள். கன்வேயர் ஓடுகிறது! நிற்கவே இல்லை. நான் மூச்சு வாங்கிக் கிடந்த நாளெல்லாம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அழுதேன், வெட்கமில்லாமல்.

இந்த மாத்திரையைக் கொழுப்போடு சாப்பிட வேண்டும் என்று அத்தைக்குச் சொல்லிவிட்டார்கள். தெரியாமல் சொல்லிவிட்டார்கள். காலையில் இட்லி நெய்யில் மிதக்கிறது, ராத்திரி முட்டை எண்ணெயில் மிதக்கிறது. எனக்கு இரண்டு கிலோ ஏறும், அத்தைக்கு நாலு.

தப்பு என்னுடையதுதான் அக்கா. சந்தேகம் வந்தால் லைனை நிறுத்துவது எனக்குப் பழக்கம். இந்த லைனை நிறுத்தினால் இரண்டு பேரும் நின்றுவிடுவோம் என்று புரியவில்லை.

உன் நம்பரை எழுது.

பாஞ்சாலி

---

தண்டலம்
25 நவம்பர் 2025

பாஞ்சாலிக்கு,

முப்பத்தேழு. உன்னைத் திட்டுவதற்கு நிறைய மூச்சு செலவாகிவிட்டது, நீதான் ஈடு கட்ட வேண்டும்.

உன் கவர் வந்து ஒரு நாள் முழுக்க மேஜை மேல் கிடந்தது. பிரிக்க மாட்டேன் என்று எழுதியவள் எப்படிப் பிரிப்பது? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். 'அறுபத்தேழு' தெரிந்தது. அப்புறம் கிழித்த வேகத்தில் ஓரத்தில் இரண்டு வரி போய்விட்டது, ஒட்டிப் படித்தேன்.

உன் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். டேக்கைப் பல்லால் அறுத்த இடத்தை நாலு முறை படித்தேன்.

என் கடிதத்தை ஊரைக் கூட்டிப் படித்துவிட்டீர்களே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பரவாயில்லை. மொட்டை மாடி விஷயத்தை மட்டும் யாரும் பாவம் பார்க்க வேண்டாம். இன்று லிஃப்டில் ஆறாவது மாடிவரை போய் மிச்சம் பன்னிரண்டு படியை மூன்று தவணையில் ஏறினேன். அங்கிருந்து பெங்களூர் ஹைவே, கம்பெனி பஸ்கள், வரிசையாகக் கூரை. உன் படப்பை எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனைக் கேட்டேன், காட்டினார். கை ஆட்டினேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

மாத்திரையை விடாதே. எனக்கும் சேர்த்துச் சாப்பிடு.

மெர்சி

---

படப்பை
8 மார்ச் 2026

அக்கா! எழுபத்தாறு! வயிறு இவ்வளவு பெரிதாக மேலே அழுத்தும்போது எழுபத்தாறு! டாக்டரம்மா இரண்டு முறை ஊதச் சொல்லிவிட்டுத் தன் மேஜையைத் தட்டினார்.

இன்று வளைகாப்பு. ஜெபகுமார் தம்பி உன் வளையலைக் கொண்டுவந்து வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு, "அக்கா சொல்லிச்சு, உள்ள வரக் கூடாதாம்" என்று ஒரு கப் கேசரியோடு ஓடிவிட்டான். பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன், ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் துடைத்துத் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறாய். ஆபரேஷன் தியேட்டர் சாமான் மாதிரி இருந்தது. உறவில் ஒருத்தி, "கல்யாணம் காட்சி இல்லாத, சீக்காளிப் பொண்ணு குடுத்ததப் போயி மொத மொதல்ல போடலாமா?" என்று இழுத்தாள். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் பேச்சு சாம்பார் சாதத்துக்குத் தாவிவிட்டது. உன் வளையல்தான் முதலில் ஏறியது.

முதுகில் தட்டிச் சளி எடுக்கும்போதெல்லாம் உள்ளிருந்தும் ஒரு தட்டு வருகிறது. பதிலுக்குப் பதில். கெட்டிக்காரி அல்லது கெட்டிக்காரன்.

ஆனால் ராத்திரி படுத்தால் 'பெரும்பாலும்' வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. நமக்கு இருப்பது இதற்கும் இருந்தால் என்ன செய்வேன் அக்கா? உன்னையும் என்னையும் பார்த்து வாழ முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆனால் நான் பட்ட பாட்டை இது படக் கூடாது. சுயநலம்தான்.

பாஞ்சாலி

---

தண்டலம்
27 ஏப்ரல் 2026

அடியே! அடியே!

போட்டோ வந்ததிலிருந்து போனை சார்ஜரிலிருந்து எடுக்கவில்லை. இரண்டரை கிலோ! பெண்! முப்பத்தேழு வாரத்தில் சமர்த்தாக வந்துவிட்டாள்! கண்ணில் புரை இல்லை, ஈரல் சரி என்று ஜெபகுமார் உன் வாய்ஸ் மெசேஜை எனக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறான். மாத்திரையால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை பார்த்தாயா? லைப்ரரியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். 'யாருக்குக் குழந்தை மேடம்?' என்றார்கள். எனக்கு என்று வாயில் வந்துவிட்டது. திருத்தவில்லை.

முப்பத்தாறு, கேட்காதே, இன்று அது முக்கியமில்லை.

முத்தம் கொடுத்தாயா? ஏன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை?

மெர்சி

---

படப்பை
11 மே 2026

அக்கா,

நம்பர் எழுதும் நிலையில் இல்லை. (எழுபத்தெட்டு.)

பதினெட்டு நாளாக அவள் பாதத்தில் மட்டும்தான் முத்தம் கொடுத்தேன். மாமா கேட்டால் சாக்குச் சொன்னேன். 21ஆம் தேதி வேர்வை டெஸ்ட், அதுவரை நெற்றிப் பக்கம் போவதில்லை என்று மனதுக்குள் வைராக்கியம்.

இன்று மதியம் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் உதட்டைக் கோணி ஒரு சிரிப்பு சிரித்தாள். வைராக்கியமாவது ஒன்றாவது. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டேன்.

உப்பு.

இன்னொரு முறை கொடுத்தேன். உப்பு அக்கா. நாக்கில் நன்றாகக் கரித்தது. உன் அம்மா சொன்ன அதே சொல்.

யாரிடமும் சொல்லவில்லை. அத்தை பெயர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா கன்வேயர் சத்தத்தை அவளுக்கே போட்டுக் காட்டுகிறார். நான் பத்து நாளை எப்படிக் கடப்பேன்? வசந்தகுமார் வேலை முடிந்து உன் பக்கம்தான் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாஞ்சாலி

---

தண்டலம்
12 மே 2026, காலை

பாஞ்சாலி,

ஜெபகுமார் பைக்கில் வந்து நிற்கிறான், அவனுக்கு டீ கொடு.

நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெபத்தில் உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். காலையில்தான் புத்தி வந்தது.

இரண்டு கோட்டை நம்ப மூன்று டெஸ்ட் எடுத்துப் பார்த்தவள் நீ. இன்று நாக்கை நம்பி லாட்டையே தள்ளுபடி செய்கிறாயே, வெட்கமாக இல்லை? அக்கினி நட்சத்திரம், தகரக் கூரை காய்கிறது. உன் வேர்வையும் உப்புதான், நீ அழுதிருந்தால் அதுவும் உப்புதான். யாருடைய உப்பு என்று முதலில் பார். ஒரு பீஸ் கெட்டால் ஐந்து முறை 'ஏன்' கேட்பீர்கள் என்று பீற்றிக்கொள்வாயே, கேள். அன்று காலையிலிருந்து அவளை யார் தொட்டார்கள், எதால் துடைத்தார்கள், ஒவ்வொன்றாகக் கேள். கேட்ட பிறகும் உப்பு என்றால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழலாம், நீ அந்த முனையில், நான் இந்த முனையில். அதற்கு முன்னால் தனியாக அழாதே.

மெர்சி

---

படப்பை
12 மே 2026, மாலை

அக்கா அக்கா அக்கா,

ஏன் உப்பு? நெற்றியில் உப்பு இருந்தது. ஏன் இருந்தது? யாரோ தடவியிருக்கிறார்கள். நான் இல்லை, மாமா ஷிஃப்டில் இருந்தார். அத்தையிடம் போனேன். "நேத்து மதியானம் பாப்பாவ தொட்டீங்களா அத்த?"

"தொடாம? காலைல அந்த எதிர்வூட்டுக்காரி வந்து பாத்துட்டு, கொயந்த கொழுகொழுன்னு கீதுன்னு சொல்லிட்டுப் போனாளா, போனதும் வீல்னு அழுதா. கண்ணு பட்டுப் போச்சுன்னு நீ குளிக்கச் சொல்லோ உப்பு மொளகா சுத்திப் போட்டேன்."

"எந்தக் கையால?"

"இன்னாமே கேள்வி இது? இந்தக் கையாலதான்."

கல் உப்பைக் கை நிறைய இறுக்கிப் பிடித்து மூன்று சுற்று. வெயிலில் கை வேர்த்து உப்பு கரைந்திருக்கிறது. அதை அடுப்பில் போட்டுவிட்டு, கையைக் கழுவாமல், அதே கையால் பிள்ளையின் நெற்றியை வழித்து நெட்டி முறித்திருக்கிறார்! மூன்றாவது 'ஏன்'னிலேயே ஆள் மாட்டிக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை தரையில் உட்கார்ந்து சிரித்தார், அப்புறம் அழுதார், அப்புறம் என் முதுகில் ஒன்று வைத்தார். பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்தோம். நான் வாய் கொப்பளித்தேன். மூன்று சாம்பிள்: குளித்ததும் ஒன்று, பால் குடித்ததும் ஒன்று, தூங்கி வேர்த்த பிறகு ஒன்று. பால் வாசனைதான் அக்கா! உப்பு இல்லை! மாமா, என் மாமனார், அத்தை, எல்லாரும் வரிசையில் நின்று முத்தம் கொடுத்து இன்ஸ்பெக்ஷன் செய்தார்கள், ஜெபகுமார் தம்பி மட்டும் வாசலோடு சரி. மூன்றாவது ஆளுக்கு அவள் காலால் ஒரு உதை விட்டாள்.

நாக்கு ரிப்போர்ட் ஆகாது, தெரியும். 21ஆம் தேதி இருக்கிறது. ஆனால் இன்று ராத்திரி தூங்குவேன்.

பாஞ்சாலி

---

ஆஸ்பத்திரி நடைவழி, கிழக்கு முனை
21 மே 2026

அக்கா, இது கடிதமில்லை, சீட்டு. லைனிலிருந்து எடுத்து வைத்திருந்த பச்சை ஓகே டேக்கில் எழுதுகிறேன்.

எனக்கு அந்தக் காலத்தில் வேர்வை உப்பு நூற்றுநாலு, உனக்குத் தொண்ணூற்றெட்டு. முப்பதுக்குக் கீழே இருந்தால் நோய் இல்லை. அவளுக்குப் பதினாறு!

பாலில் என் மாத்திரையும் கலந்து போவதால் வேர்வையை மட்டும் நம்ப மாட்டேன் என்று டாக்டரம்மா ஜீனும் முழுசாகப் பார்த்திருக்கிறார். என்னுடைய கோளாறு ஒன்று மட்டும் இருக்கிறது, அது இருந்தே தீரும். எழில் மாமா பக்கம் சுத்தம். அவளுக்கு நோய் இல்லை அக்கா. இல்லை! 'பெரும்பாலும்' போய்விட்டது!

பெயர் அறிவுமதி. டேக்கை அவள் துணியில் குத்தி, அவளையே ஜோதியக்கா கையில் அனுப்புகிறேன். உன்னிடமிருந்து ஆறடி தள்ளி நிற்பார். மாஸ்க்கைக் கழற்றாதே. நன்றாகப் பார்.

பாஞ்சாலி

---

(அடுத்த சீட்டு)

மேற்கு முனை

பார்த்தேன்.

பதினைந்து வருடமாக இந்த நடைவழியில் உன்னை நேரில் பார்க்கிறேன், மாஸ்க்குக்கு மேலே இருக்கும் இரண்டு கண்ணை மட்டும். இவளுக்கும் அதே கண். கீழே மாஸ்க் இல்லை. அந்த மூக்கு, அந்த வாய், அந்த முகவாய்க் குழி. நேரில் இப்போதுதான் முழு பாஞ்சாலியைப் பார்க்கிறேன்.

நெற்றியில் எனக்காக ஒன்று கொடு. கை கழுவிவிட்டு.

சீக்கிரம் வாங்கிக்கொள், ஜோதியக்காவுக்குக் கை வலிக்கிறதாம்.